நீலம் அடித்த பக்கம்

நான் கானாவுக்குப் போனது ஒரு நீலப் பெயின்ட்டைப் பற்றி விசாரிக்க. வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. புது மில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். மனைவி என் முழங்காலை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தக் கால வெச்சுக்கிட்டு ஆப்பிரிக்காவுக்குங்களா? நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பருப்புப் பொடி அரைக்கப் போனாள். ஐம்பத்தெட்டு வயதில் கடல் தாண்டிப் போகிறவன் ஆசையாகப் போக வேண்டும். நான் அலுப்போடுதான் கிளம்பினேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவையில் எனக்கு மர டிப்போ இருக்கிறது. அப்பா காலத்தில் பர்மா தேக்கு விற்றோம். அது கிடைப்பது அரிதானதும் கானா தேக்குக்கு மாறினோம். ஆரம்பத்தில் கானா மரம் உருட்டுக்கட்டையாகவே தூத்துக்குடியில் இறங்கி வந்தது. பருத்த முனை அடி, சிறுத்த முனை நுனி. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பிறகு நான்கு பக்கமும் சீவிய கட்டையாக வந்தது. அதிலும் உற்றுப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அப்புறம், மரத்தை அங்கேயே அறுத்தால் நம் ஆட்கள் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று அந்த நாட்டுக்காரர்கள் நினைத்தார்கள். நியாயந்தான். இப்போது வருவதெல்லாம் அளவாக அறுத்த சைஸ் மரம். கன்டெய்னரைத் திறந்தால் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். இரண்டு முனைக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியேதான் வீட்டிலும் நிற்க வேண்டும். அடி கீழே, நுனி மேலே. அதிலும் வாசல் நிலவு, அதாவது தலைவாசல் கதவைத் தாங்குகிற சட்டம், தலைகீழாக நின்றால் அந்த வீடு விளங்காது என்பார்கள். கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய பங்களாவானாலும் சரி, ஆசாரி முதலில் கேட்கும் கேள்வி "அடி எதுங்க?" என்பதுதான். சைஸ் மரம் வர ஆரம்பித்த நாளிலிருந்து கோவை டிப்போக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு மழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் தங்கை சரசு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டினாள். வாசல் நிலவு பிறந்த வீட்டுச் சீர். மர டிப்போக்காரன் அண்ணனாக இருக்கும்போது அதைச் சொல்லவும் வேண்டுமா? புதிதாக வந்த கன்டெய்னரிலிருந்து நல்ல வைரமான கட்டைகளாகப் பொறுக்கிக் கொண்டுபோனேன். நிலவு நிறுத்துகிற அன்று லாரி வழியில் நின்றுபோனது. மரம் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி. கொடுமுடியிலிருந்து கொண்டுவந்த காவேரித் தண்ணீரை ஊற்றி, மஞ்சள் பூசி, பூ வைத்து எல்லோரும் நிற்கிறார்கள். ஆசாரி என்னைப் பார்த்தார். "அடி எதுங்க?"

எனக்குத் தெரியாது. கட்டையின் ஒரு முனையில் நீலப் பெயின்ட் அடித்திருந்தது, மறு முனையில் இல்லை. "நீலம் அடிச்ச பக்கம் நுனிங்க" என்று சொல்லிவிட்டேன். ஆசாரி தலையாட்டினார். நிலவு எழுந்து நின்றது. எல்லோரும் சாப்பிடப் போனோம்.

எட்டாவது மாதம் சரசுவின் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, தோப்புக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் பைக்கோடு வாய்க்காலில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் கட்டிலில் கிடந்த சமயத்தில் சமையலறை அலமாரி வேலைக்கு வேறொரு ஆசாரி வந்தார். போகிற போக்கில் நிலவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரேகை கீழ்முகமா ஓடறாப்ல தெரியுதுங்களே, தலைகீழா வெச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். செய்தி கேட்டு நான் போனேன். "மரத்தப் பத்தி அவனுக்கென்ன தெரியும்?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது தலைவாசல் பூட்டியிருந்தது. "பின்னால வாங்ணா" என்றாள் சரசு. குரலில் கோபமே இல்லை. சமையலறைப் பக்கம் துணி துவைக்கிற கல்லைத் தாண்டிப் போய் உள்ளே நுழைந்தேன். அதிலிருந்து ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் புழங்குகிறார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அடித்தால்கூட இவ்வளவு வலிக்காது.

இன்னொரு கொடுமையும் நடந்தது. முதல் ஆசாரி என் பேச்சை நம்பியதோடு நிற்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடையில் யாரோ ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். "கானா மரமுங்களா? நீலம் அடிச்ச பக்கம் நுனிங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே." டீ கசந்தது. என் பொய் என்னைவிட வேகமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. நீலத்துக்கு உண்மையிலேயே என்னதான் அர்த்தம் என்று அது புறப்பட்ட இடத்திலேயே போய்க் கேட்டுவிடுவது என்று அன்று முடிவு செய்தேன். நுனி என்று மட்டும் பதில் வந்துவிட்டால் போதும். சரசுவின் கதவு திறந்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன்.

எப்படிப் போனேன், எங்கே விமானம் மாறினேன் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். துறைமுக நகரமான தேமாவில் இறங்கிய முதல் நாள் சூரியனைப் பார்க்க முடியவில்லை. பாலைவனத்திலிருந்து வருகிற தூசிக் காற்றுக் காலம். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. உதடு வெடித்தது. என்னை அழைத்துப்போக வந்தவர் கோஃபி. பல வருஷமாக எங்களுக்கு மரம் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். போனில் கேட்ட குரலை வைத்து ஆறடி ஆளாக நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். என்னுடைய ஆங்கிலம் டிப்போ ஆங்கிலம், அவருடையது துறைமுக ஆங்கிலம். இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. இங்கே வருகிற பேச்செல்லாம் நான் தமிழாக்கியதுதான்.

மதியம் இலையில் மடித்து ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். வாக்யே என்று பெயர். பிரித்துப் பார்த்தால் தட்டப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்த சோறு. எங்கள் வீட்டில் செய்கிற தட்டப்பயறுச் சோறேதான், நிறம் மட்டும் செம்பழுப்பு. மேலே ஒரு மிளகாய்க் குழம்பு, அதற்கு மேலே அவித்த முட்டை. மனைவி கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை எடுத்து ஒரு சிட்டிகை தூவினேன். கோஃபி கை நீட்டினார். அவருக்கும் தூவினேன். சாப்பிட்டுவிட்டு டப்பாவையே வாங்கிப் பார்த்தார். திரும்பி வருகிற வரைக்கும் அந்த டப்பா அவர் காரில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் குமாசிக்குப் பயணம். அறுவை மில்கள் எல்லாம் அந்தப் பக்கம். ஐந்து மணி நேரம் என்று சொன்ன பாதை எட்டு மணி நேரம் ஆனது. வழியில் ரொட்டிக்குப் பேர்போன ஊர் ஒன்று. கார் மெதுவானதும் பெண்கள் தலையில் ரொட்டித் தட்டோடு ஓடி வந்து ஜன்னலை மூடிக்கொண்டார்கள். ஒரு மேட்டில் இன்ஜின் சூடாகிப் புகைந்தது. அங்கே தண்ணீரைச் சின்னப் பாலிதீன் பைகளில் விற்கிறார்கள், முனையைக் கடித்துக் குடிக்க வேண்டும். கோஃபி முப்பது பை வாங்கினார். நாங்கள் இருவரும் சாலையோரம் நின்று ஒவ்வொன்றாகக் கடித்து ரேடியேட்டரில் ஊற்றினோம். என் பல் செட் கழன்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

நாங்கள் நின்றிருந்த நேரத்தில் எங்களைத் தாண்டி மர லாரிகள் போயின. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கை தானாகவே மரத்தின் சுற்றளவை அளந்தது. அப்பா வாங்கிய கட்டைகளை இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் வந்தவை ஒரு ஆள் பருமன். இப்போது லாரியில் போனவை என் தொடைக்கு மேல் இல்லை. "மரம் ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறது?" என்று கேட்டேன். "நீங்கள் அவசரப்படுகிறீர்கள், நாங்கள் சீக்கிரம் வெட்டுகிறோம்" என்றார் கோஃபி. தண்ணீர்ப் பையைக் கடித்துக்கொண்டே சொன்னதால் அது குற்றச்சாட்டாகத் தோன்றவில்லை. ஆனாலும் அவசரம் என்ற சொல் எனக்கு உறுத்தியது.

அன்று சாயங்காலம் ஃபூஃபூ சாப்பிட்டோம். மரவள்ளியையும் வாழைக்காயையும் இடித்து உருட்டிய களி. மெல்லாமல் விழுங்க வேண்டும், உனக்குத் தெரியாது என்று கடைக்காரப் பெண் எச்சரித்தார். ராகிக் களி விழுங்கி வளர்ந்தவனிடம் இதைச் சொன்னால்? ஒரே வாயில் விழுங்கிக் காட்டினேன். கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பயணத்திலேயே நான் கம்பீரமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

மூன்றாம் நாள் காலையில் மில்லுக்குப் போனோம். வாசலைத் தாண்டும்போதே தேக்குத்தூள் வாசனை வந்தது. அது உலகம் பூராவும் ஒன்றுதான். பெரிய முற்றம். நடுவில் ஆள் உயரத்துக்கு மர அடுக்குகள். மானேஜர் இளைஞர், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "முன்பெல்லாம் இந்த முற்றத்தில் மூன்று நிறம் இருக்கும். சிவப்பு வியட்நாமுக்கு. பச்சை இங்கேயே விற்க. இப்போது பாருங்கள், எல்லாம் நீலம்தான்" என்று கையை வீசிக் காட்டினார்.

நான் நின்றுவிட்டேன். "நீலம் என்றால்?"

"நீலம் என்றால் இந்தியா" என்றார். என்னைக் கௌரவிப்பதாக நினைத்துச் சிரித்தார்.

கேட்க வந்ததற்குப் பதில் இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஆனால் நான் விடவில்லை. இந்தியா என்றே இருக்கட்டும், அதை எந்த முனையில் அடிக்கிறார்கள் என்பதுதானே கேள்வி? எப்போதும் நுனியில்தான் அடிக்கிறார்கள் என்றால் நான் சொன்னது சரியாகிவிடும். "பெயின்ட் அடிப்பது யார்?" என்றேன். அடுக்கின் மறுபக்கத்தில் ஒரு பெண்ணைக் காட்டினார்கள்.

அவர் பெயர் அஃபியா. நாற்பது வயது இருக்கும். தலையில் மஞ்சள் துணி. நீல டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து வரிசையாக அடித்துக்கொண்டே போனார். நான் நேராகப் போய், "எந்த முனையில் அடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன். காது கேட்காதவர்போல அடித்துக்கொண்டே போனார். கோஃபி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "முதலில் காலை வணக்கம் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் என்ன, போலீஸா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஏனுங்க, வாங்க, போங்க என்று காக்காயைக்கூட மரியாதையாக விரட்டுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். வணக்கம் சொன்னேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நன்றாக இருக்கிறேன், நீங்கள் எப்படி என்றார். வீட்டில் எல்லோரும் நலமா என்றார். சரசுவின் பூட்டிய கதவு ஞாபகம் வந்தது. நலம்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னது இதுதான். முற்றத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு ரம்பங்கள் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டிலும் மரத்தின் அடிதான் முதலில் நுழையும். ஆனால் ஒன்று கிழக்கே பார்த்து அறுக்கிறது, மற்றது மேற்கே பார்த்து அறுக்கிறது. அறுத்த மரத்தை அப்படியே கொண்டுவந்து நடுவில் ஒரே அடுக்காக அடுக்குவார்கள். ஆக, அடுக்கில் பாதிக்கு அடி இந்தப் பக்கம், பாதிக்கு அந்தப் பக்கம். அஃபியா அடிப்பது லாரி வருகிற வழியைப் பார்த்த முனையில். கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு அப்போதுதான் தூரத்திலிருந்தே தெரியும்.

"அப்படியானால் நீலம் இருக்கிற முனை அடியா, நுனியா?"

"எனக்கு எதற்கு அது?" என்றார். "லாரிக்காரனுக்குத் தெரிந்தால் போதும்."

நான் விளக்கினேன். மரம் வளர்ந்தபடிதான் வீட்டில் நிற்க வேண்டும் என்றேன். பக்கத்தில் மரம் சுமந்துகொண்டிருந்த இரண்டு பேர் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். மாறி நின்றால் என்ன ஆகும் என்றார் அஃபியா. என் தங்கையின் கணவர் விழுந்துவிட்டார் என்றேன். "மரத்திலிருந்தா?" "இல்லை, பைக்கிலிருந்து." மூன்று பேரும் சிரித்தார்கள். அஃபியா என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நீலம் நுனி என்று உங்கள் ஊரில் யார் சொன்னது?"

இந்தக் கேள்வியை ஊரில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் இருந்தது. ஐயாயிரம் மைலோ எத்தனையோ, அவ்வளவு தூரம் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவரிடம், "நான்தான்" என்றேன். "தெரியாமல் சொன்னேன். நேரமாகிவிட்டது என்று சொன்னேன்."

"அப்படியா? பிறகு ஏன் இங்கே வந்தீர்கள்?" என்றார் அஃபியா. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். மறுபடியும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. கோஃபிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். நான் படுத்திருந்த நேரத்தில் மானேஜரைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தோடு வந்தார். மில்லின் பெயர் அச்சடித்த தாள். 'நீலப் பெயின்ட் பூசப்பட்ட முனை மரத்தின் நுனி என்று சான்றளிக்கிறோம்.' கீழே கையெழுத்து, உருண்டை முத்திரை.

"இது உண்மை இல்லையே" என்றேன்.

"மரத்தோடு எத்தனை சான்றிதழ் வருகிறது? பூச்சி இல்லை என்று ஒன்று, மருந்து அடித்தாயிற்று என்று ஒன்று. அதோடு இதுவும் ஒன்று. உங்கள் தங்கை நிம்மதியாக இருப்பார். அது உண்மைதானே?" என்றார் கோஃபி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்புகிற வழியில் கோஃபியின் கார் மறுபடியும் காலைவாரியது. பாதித் தூரம் ட்ரோட்ரோ என்ற வேனில் வந்தோம். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் போனது. நம் டவுன் பஸ்ஸில் உள்ளே எவ்வளவு நெரித்தாலும் பஸ் நேரத்துக்கு நகர்ந்துவிடும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். என்ன சொல்கிறார் என்று கோஃபியைக் கேட்டேன். "இப்போது கிளம்புகிறேன் என்று நீ சொன்னது இத்தோடு நாலாவது தடவை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலை." வேனில் எல்லோரும் ஆமோதித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோவை வந்து இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் உடுமலைக்குப் போனேன். வழக்கம்போல வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். கூடத்தில் பகல் பதினொரு மணிக்கு டியூப்லைட் எரிந்தது. தலைவாசலை மூடினால் அந்த வீட்டுக்கு வெளிச்சமே இல்லை. இத்தனை நாளும் இது என் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்.

"வாங்க மச்சான். கருத்துப் போய் வந்திருக்கீங்க" என்றார்.

சரசு காபி கொண்டுவந்தாள். "காலு வீங்கியிருக்குதுங்களே, உக்காருங்ணா."

பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது. "சரசு, இங்க பாரு. நீலந்தான் நுனியாம். சீலு வெச்சுக் குடுத்திருக்கான். நம்ம நிலவு நேராத்தான் நிக்குது!"

சரசு தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இத்தோடு முடிந்தது என்று நான் காபியைக் குடித்திருக்கலாம். டம்ளர் கையிலேயே இருந்தது.

"அது பொய் மாப்பிள்ளை" என்றேன். "அம்மணி, அன்னைக்கு நான் தெரியாம சொல்லிப்போட்டேன். அடி எது நுனி எதுன்னு எனக்கு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. நீலம்னா இந்தியாவுக்குப் போற மரம்னு அடையாளம், அவ்வளவுதான். மில்லுக்காரனுக்கே தெரியாது. நேரமாகிப்போச்சுன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன்."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியுமுங்ணா" என்றாள் சரசு.

"என்ன தெரியும்?"

"ஆசாரி அடி எதுன்னு கேட்டப்ப நீங்க மரத்தப் பாக்கவே இல்லீங்ணா. கைக்கடியாரத்தப் பாத்துப்போட்டுச் சொன்னீங்க. நான் காவேரித் தண்ணிச் சொம்ப வெச்சுக்கிட்டு உங்க பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "பொறகு ஏன் கண்ணு ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இவரு உழுந்தப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. அந்த ஆசாரி வந்து நெலவத் தடவிப் பாத்துச் சொன்னப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். அவர வைஞ்சுபோட்டுப் போயிட்டீங்க. மரத்து மேல பயமில்லைன்னு சொல்ல மாட்டேனுங்ணா. பயந்தான். ஆனா அந்தக் கதவத் தொறந்து உங்கள உள்ள கூப்புடறப்பெல்லாம், எங்கண்ணன் எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டாரேன்னுதான் மனசுக்குள்ள வரும். அதான் பூட்டிப்போட்டேன்."

ஒன்றரை வருஷமாக நான் ஒரு கட்டையின் இரண்டு முனைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது. மாப்பிள்ளை முன்னால் அழுவது வெட்கமாகத்தான் இருந்தது. அழுதேன்.

மாப்பிள்ளைதான் பேச்சை மாற்றினார். "அது கிடக்கட்டும் மச்சான். இப்ப நம்ம நெலவு நேரா நிக்குதா, தலைகீழா நிக்குதா?"

"யாருக்கும் தெரியாதுங்க மாப்பிள்ளை. நேராவும் இருக்கலாம், தலைகீழாவும் இருக்கலாம்."

"அப்ப நேராத்தான் நிக்குது" என்றார். "நான் வாய்க்கால்ல உழுந்ததுக்கு மரம் என்ன பண்ணும்? போன்ல பேசிக்கிட்டே வண்டி ஓட்டினேன். அத இவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

சரசு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். எழுந்து போய்ச் சாவியையும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் கொண்டுவந்தாள். பூட்டு துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டாள். துடைப்பதற்குத் துணி தேடினாள். கைக்குக் கிடைத்தது அந்தச் சான்றிதழ்தான். நன்றாகக் கசக்கி, துருவெல்லாம் போகத் துடைத்தாள். உருண்டை முத்திரை எண்ணெயில் ஊறிக் கரைந்தது. நான்காவது திருப்பில் பூட்டு விட்டது.

கதவு திறந்ததும் கூடத்தில் வெளிச்சம் அடித்தது. நிலவின் மேல்முனையில் எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் நீலம் இன்னும் ஒரு ஓரத்தில் லேசாகத் தெரிந்தது. சரசு டியூப்லைட்டை அணைத்தாள்.

நிலவு நிறுத்திய ஆசாரியிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்ல வேண்டும். காந்திபுரம் டீக்கடைக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாங்க வருகிறவர்கள் அடி எது என்று கேட்டால் இப்போதெல்லாம் தெரியாதுங்க என்கிறேன். சிலர் வேறு டிப்போவுக்குப் போகிறார்கள். போகட்டும்.

கதவு திறந்த அன்று சாப்பிட்டு முடித்துக் கிளம்பினேன். பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் நடந்தேன். "அங்க எங்கீங்ணா போறீங்க? முன்னால போங்க" என்றாள் சரசு. போனேன். நிலவுக்குக் குனிய வேண்டிய உயரம் இல்லை, ஆனாலும் குனிந்துதான் தாண்டினேன். நாலடி வைத்ததும் உள்ளங்காலில் ஜல்லி குத்தியது. செருப்பு பின்பக்கம் துவைக்கிற கல்லோரம் கிடந்தது. வீங்கிய காலோடு வெறுங்காலில் வீட்டைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். திறந்த தலைவாசலில் சாய்ந்து நின்று சரசு சிரிப்பது எனக்குப் பின்னால் கேட்டது.

"அடுத்த தடவ முன்னாலயே கழட்டுங்ணா."